மைனஸ் 30-இல் வில் மக்கர் செய்தால்: எல்க் வேட்டையில் பிழை நீக்கும் வழிமுறை

குளிர்காலத்தில் எல்க் மானை மலை உச்சியில் தேடிப் பயனில்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் அமெரிக்காவின் மொன்டானாவிலும் நவம்பர் பாதிக்கு மேல் பனி கனத்துவிட்டால் அவை மந்தை மந்தையாக அடிவாரத்துக்கு இறங்கிவிடும். காற்று பனியை வாரிக்கொண்டுபோன தெற்குச் சரிவுகளில் புல் தலைகாட்டும். விடியலிலும் அந்தியிலும் அங்கேதான் மேயும். ஆண் மான் சராசரி 320 கிலோ, பெண் மான் 225 கிலோ. நம் மிளா பக்கத்தில் நின்றால் ஒரு சுற்றுச் சிறியதாகத் தெரியும். அவ்வளவு பெரிய உயிரை அம்பால் வீழ்த்த முப்பது மீட்டருக்குள் நெருங்க வேண்டும், ஒரே அம்பு சரியான இடத்தில் போக வேண்டும். அந்த நொடியில் வில் மக்கர் செய்து மான் முழுசாகத் தப்பினால் இழப்பு ஒன்றுமில்லை. அரைகுறைக் காயத்தோடு ஓடிப் பனியில் கிடந்து வதைபடுவதுதான் தாங்க முடியாதது. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ரோஜர்ஸ் கணவாய் மொன்டானாவில் இருக்கிறது. 1954 ஜனவரி 20 அன்று அங்கே மைனஸ் 57 டிகிரி பதிவானது. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் இன்றுவரை அதுதான் மிகக் குறைந்த அளவு. நான் பேசுவது அந்த அளவு குளிரைப் பற்றி அல்ல. மைனஸ் 15 முதல் 35 வரை, காம்பவுண்டு வில்லோடு (இரு முனையிலும் சக்கரம் பொருத்திய நவீன வில்) வெளியே போகிறவர்களுக்கு நேரும் கோளாறுகளைப் பற்றி.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எந்தக் கோளாறானாலும் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வில் நேற்று இரவு எங்கே இருந்தது?

வீட்டுக்குள்ளோ ஹீட்டர் போட்ட வண்டிக்குள்ளோ இருந்தது என்றால், பத்தில் எட்டுத் தடவை காரணம் தண்ணீர். வெளியிலேயே இருந்தது என்றால் எண்ணெய், மெழுகு, உடை, உங்கள் உடம்பு என்ற வரிசையில் தேடுங்கள்.

வறண்ட குளிர் வில்லைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கார்பனும் கண்ணாடி இழையும் அலுமினியமும் மைனஸ் 30-ஐத் தாங்கும். வில்லை முடக்குவது ஈரம். குளிர்ந்த வில்லை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஐஸ் தண்ணீர் டம்ளரைப்போல அதற்கு வியர்க்கும். காலையில் வெளியே எடுத்துப்போனதும் அந்த வியர்வை அச்சிலும் ஸ்பிரிங்கிலும் உறைந்துவிடும். சூடான வில்லின்மேல் பனித்தூள் விழுந்தால் உருகி இடுக்குகளில் இறங்கி மறுபடி கட்டியாகும். மூச்சுக்காற்று, கை வியர்வை, மேலே ஏறும்போது முதுகில் ஊறும் வியர்வை எல்லாமே இதே வேலையைச் செய்யும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வானிலை அறிக்கையில் வரும் ‘காற்றுக் குளிர்’ எண் வில்லுக்குப் பொருந்தாது. காற்று மைனஸ் 20 என்றால் வில்லும் மைனஸ் 20-க்குக் கீழே போகாது, சீக்கிரம் அங்கே போய்ச்சேரும், அவ்வளவுதான். அந்த எண் உங்கள் தோலுக்கானது. அது மைனஸ் 28-ஐத் தாண்டினால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்தான்.

ரெஸ்ட் விழவில்லை, அல்லது விழுந்தது எழவில்லை

என்னை மிகவும் வருத்திய கோளாறு இது. நவம்பர் கடைசி வாரம், மைனஸ் 27. ஒரு பெண் மான் இருபத்தெட்டு மீட்டரில் பக்கவாட்டாக நின்றது. வில்லை இழுத்தேன், அம்பைத் தாங்க வேண்டிய ரெஸ்ட் பாதியில் நின்றுவிட்டது, அம்பு சாய்ந்து ரைசரில் (வில்லின் நடுவே இருக்கும் கைப்பிடிப் பகுதி) உரசியது. மெல்ல இறக்கிவிட்டேன். மான் போய்விட்டது. முந்தைய நாள் மாலை அந்த வில்லை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் துடைத்திருந்தேன். நன்றாகத்தான் துடைத்தேன், வெளிப்பக்கத்தை.

அம்பு கிளம்பியதும் கீழே விழுந்து வழிவிடும் வகை ரெஸ்டில் ஒரு சின்ன ஸ்பிரிங், ஓர் அச்சு, லிம்பிலிருந்தோ (வில்லின் வளையும் கை) கேபிளிலிருந்தோ (நாணுக்குப் பக்கத்தில் ஓடும் துணைக் கயிறு) வரும் ஒரு கயிறு, இந்த மூன்றும் உண்டு. விரலால் ரெஸ்டைத் தூக்கி விடுங்கள். மந்தமாக, பிசுபிசுவென்று இறங்கினால் உள்ளே எண்ணெய் கெட்டியாகியிருக்கிறது. பாதியில் சட்டென்று நின்றால் ஐஸ். விரலுக்கு நன்றாக விழுந்து, இழுக்கும்போது மட்டும் முழுதாக எழவில்லை என்றால் கயிறு நனைந்து உறைந்து விறைத்திருக்கிறது அல்லது முடிச்சு நழுவியிருக்கிறது.

காட்டில் இருக்கும்போது ஐஸுக்கு உடனடி மருந்து கைச்சூட்டுப் பொட்டலம்தான். அதை ரெஸ்டின்மேல் பத்து நிமிடம் வைத்து, வரும் ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், ஊதினால் இன்னும் தண்ணீர் சேர்க்கிறீர்கள். வீட்டில் நிரந்தர வைத்தியம்: ஸ்பிரிட் வைத்துப் பழைய எண்ணெயை முழுதாகக் கழுவி, ஒரு நாள் உலரவிட்டு, கிராஃபைட் தூளோ டெஃப்லான் உலர்பூச்சோ போடுங்கள். திரவ எண்ணெய் எதுவும் வேண்டாம். கடையில் எந்தக் குளிருக்கும் தாங்கும் என்று சொல்லி விற்கும் எண்ணெயையும் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 20 வரை பரவாயில்லை, அதற்குக் கீழே தேன்பாகு.

அம்பைச் சுற்றி முழுக்க முள்தூரிகை பிடித்திருக்கும் வகை ரெஸ்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அசையும் பாகமே கிடையாது. ஆனால் முட்களில் உறைபனி ஏறினால் கம்பிபோல் விறைத்து அம்பின் இறகுகளைப் பிய்க்கும். காலையில் ஒரு பழைய அம்பை முன்னும் பின்னும் நாலு தடவை ஓட்டினால் ஐஸ் உதிர்ந்துவிடும். கடுங்குளிருக்கு மட்டும் என்று கேட்டால் நான் இந்த வகையைத்தான் சிபாரிசு செய்வேன்.

இழுக்கும்போது முனகுகிறது, படபடக்கிறது

காற்றில்லாத குளிர்காலையில் சின்னச் சத்தமும் எல்க் காதில் விழும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஆள் ஒருவர் துணை வேண்டும்: நீங்கள் அம்பு பூட்டி, இலக்கைப் பார்த்து, ரிலீஸில் (நாணைப் பிடித்திருந்து, விசையை அமுக்கினால் விடும் சின்னக் கருவி) விரல் வைக்காமல் மெதுவாக இழுங்கள், அவர் பின்னால் பக்கவாட்டில் நின்று காது கொடுக்கட்டும். அம்பில்லாமல் நாணை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். வெறும் நாண் அடித்தால் அத்தனை விசையும் லிம்பிலேயே இறங்கி உடைத்துவிடும்.

ஒரே சீராக ‘கிரீச்’ என்றால் கேம் (வில் முனையில் இருக்கும் சக்கரம்) சுழலும் அச்சு, எண்ணெய் கெட்டியானது. இழுப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு ‘டக்’ என்றால் லிம்ப் பொருந்தும் குழியில் ஐஸ் உடைகிறது. இரண்டு மூன்று இழுப்பில் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் பஞ்சு எடுத்து லிம்பின் ஓரங்களில் மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே வெடிப்பு. அன்றைய வேட்டை அத்தோடு முடிந்தது, அந்த வில்லை மறுபடி இழுக்கக்கூடாது. அம்பு ரெஸ்டில் உரசும் சத்தம் என்றால் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டினால் போதும், பசை வெப்ப அறையில் காய்ந்திருக்க வேண்டும்.

மர வில் வைத்திருப்பவர்கள் தனியாகக் கேளுங்கள். மரம் குளிரில் நொறுங்கும் தன்மை கொள்ளும், குறிப்பாக யூ மரம். கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி என்று பத்துப் பதினைந்து தடவை இழுத்துச் சூடேற்றாமல் முழு இழுப்புக்குப் போகாதீர்கள்.

வில்லை இழுக்கவே முடியவில்லை

வில்லின் எடை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, கூடிவிட்டதா என்று சந்தேகம் வரும். கூடியிருக்காது. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த தோள் தசைதான் இழுக்க மறுக்கிறது, மேலே நாலு அடுக்கு உடுப்பு வேறு. செப்டம்பரில் 65 பவுண்டைச் சிரித்துக்கொண்டே இழுத்தவர் டிசம்பரில் வில்லை வானத்தைப் பார்த்து உயர்த்தி உதறி இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். மான் அந்த அசைவைப் பார்க்காமல் இருக்காது.

லிம்ப் போல்ட் ஒரு முழுச் சுற்றுத் தளர்த்தினால் பெரும்பாலான காம்பவுண்டு வில்லில் 2 முதல் 3 பவுண்டு குறையும். மேலும் கீழும் ஒரே அளவு தளர்த்த வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அதிகபட்சச் சுற்றைத் தாண்டினால் லிம்ப் கழன்றுவிடும். உங்கள் மாநில விதி எல்குக்குச் சொல்லும் குறைந்தபட்ச எடைக்குக் கீழேயும் போகாதீர்கள். இதைச் சீசனுக்கு இரண்டு வாரம் முன்பே செய்துவிடுங்கள், ஏனென்றால் எடை மாறினால் அம்பு விழும் இடமும் மாறும். சைட்டை (குறிபார்க்கும் கருவி) மறுபடி பொருத்தியாக வேண்டும். காத்திருக்கும்போது உடுப்புக்குள்ளேயே தோளையும் முதுகையும் பத்து நொடி இறுக்கித் தளர்த்துங்கள். இதை நான் அரைமணிக்கு ஒரு தடவை செய்கிறேன்.

அம்பு தள்ளி விழுகிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் குற்றம்சாட்டுவது காற்றை. குளிர்ந்த காற்று கனமானது, உண்மைதான். 20 டிகிரி வெயிலைவிட மைனஸ் 30-இல் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். ஆனால் முப்பத்தைந்து மீட்டரில் அதனால் அம்பு இறங்குவது சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். உங்கள் அம்பு ஒரு சாண் தள்ளி விழுந்தால் காற்றை விட்டுவிட்டு உங்கள் சட்டைக் கையைப் பாருங்கள்.

வில் பிடித்த கையின் தடித்த ஜாக்கெட்டில் நாண் உரசினால் வலக்கைக்காரருக்கு அம்பு பெரும்பாலும் இடப்பக்கம் ஓடும். சோதனை சுலபம்: அந்தக் கையில் ஜாக்கெட்டுக்கு மேலேயே நீளமான கைக்காப்பைக் கட்டி மூன்று அம்பு விடுங்கள். திரும்பி நடுவுக்கு வந்தால் தீர்ந்தது. மார்புப் பக்கத்தில் பைனாகுலர் பட்டை, ஜிப் இழுவை, தொப்பி முடிச்சு என்று நாண் தொடக்கூடிய எதையும் அவிழ்த்துவிடுங்கள்.

மேலும் கீழுமாகச் சிதறினால் முகமூடி. வெறும் முகத்தில் மூக்கு நுனியும் தாடையும் நாணைத் தொட்டுத்தான் உங்கள் கை நிலைகொள்கிறது. நடுவில் கம்பளித் துணி வந்தால் அந்த நிலை நாளுக்கொரு விதமாகிவிடும். மூக்கும் வாயோரமும் திறந்த முகமூடியாக மாற்றுங்கள். தடித்த கையுறையோடு வில்லைப் பிடித்தாலும் பிடி முறுகும். வில் பிடிக்கும் கைக்கு மெல்லிய கம்பளி உறை ஒன்று போதும், சூட்டுக்கு இடுப்பில் கட்டிக் கையை நுழைத்துக்கொள்ளும் பை இருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தும் எல்லா அம்பும் ஒரே பக்கம் கூட்டமாகத் தள்ளி விழுந்தால்தான் வில்லுக்கு வருவேன். நாணில் இருக்கும் பாலிஎத்திலீன் இழைக்கு வினோதமான குணம் ஒன்று உண்டு: குளிர்ந்தால் சுருங்காது, நீளும். அலுமினிய ரைசர் நேர்மாறாகச் சுருங்கும். அறைச் சூட்டிலிருந்து மைனஸ் 35-க்குப் போனால் ஒன்றரை மீட்டர் நாண் ஒரு மில்லிமீட்டர் நீளலாம், அறுபது சென்டிமீட்டர் ரைசர் கிட்டத்தட்ட அதே அளவு சுருங்கும். சின்ன எண்தான். ஆனால் இரண்டு கேமும் ஒரே நேரத்தில் சுழல வேண்டிய வில்லில் அது தெரியும், பீப்பும் (நாணில் செருகிய, குறிபார்க்கும் சின்ன வளையம்) லேசாகத் திரும்பிக்கொள்ளும். அதனால் சைட்டைச் சூடான உள்ளரங்கில் பொருத்தி நிறைவடையாதீர்கள். வில்லை ஓர் இரவு வெளியே போட்டு, முழு வேட்டை உடையோடு, அதே குளிரில் பொருத்துங்கள்.

பீப்பில் எதுவும் தெரியவில்லை

நாணில் செருகிய அந்தச் சின்ன வளையத்தில் பனி அடைத்திருக்கும், அல்லது முழு இழுப்பில் உங்கள் மூச்சு பட்டு உறைந்திருக்கும். சட்டைப் பையில் ஒரு சின்ன உலர்ந்த தூரிகை வைத்திருங்கள். இழுத்த நிலையில் மூக்கால் மூச்சுவிடாமல் பிடித்துப் பழகுங்கள். நாண் மெழுகைச் சீசன் தொடங்கும் முன் அறைச் சூட்டில் விரலால் தேய்த்து உள்ளே இறக்கி, மிச்சத்தை வழித்தெடுங்கள். குளிரில் பூசினால் கட்டி கட்டியாக மேலேயே ஒட்டி, பனியைப் பிடித்துவைக்கும்.

ரிலீஸ் விடவில்லை, அல்லது தானாக விட்டுவிட்டது

விடவில்லை என்றால் ரெஸ்டுக்குச் சொன்ன அதே கதை: கழுவு, உலர்த்து, உலர்பூச்சு. முன்கூட்டியே சோதிக்க வீட்டு ஃப்ரீசரே போதும், உள்ளே மைனஸ் 18 இருக்கும். ரிலீஸை ஓர் இரவு வைத்து, காலையில் எடுத்ததும் ஒரு நூல்வளையத்தில் மாட்டி அமுக்கிப் பாருங்கள்.

தானாக விட்டுவிட்டால் அது பெரும்பாலும் ரிலீஸின் கோளாறில்லை, உணர்விழந்த விரல். தடித்த கையுறை விசையின்மேல் எவ்வளவு அழுத்துகிறது என்று மூளைக்குத் தெரிவதில்லை. இழுத்து நிலைகொள்ளும் வரை விரல் விசைக்குப் பின்னால் இருக்கட்டும். விசையைக் கொஞ்சம் கடினமாக்கி வையுங்கள். உபரி ரிலீஸ் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் செத்துவிட்டது

தூரம் அளக்கும் இந்தக் கருவி செத்தால் காரணம் பேட்டரி. சாதா அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது தண்ணீர்க் கரைசல், மைனஸ் 20 அருகில் ஓய்ந்துவிடும். ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் பேட்டரிகள் மைனஸ் 40 வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. அதையே போட்டாலும் திரையின் எண்கள் மெதுவாகத்தான் தோன்றும். உள்பையில் வைத்து, எடுத்ததும் அளந்து, உடனே திரும்ப வையுங்கள்; கண்ணருகே பிடிக்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள். பனி பொழியும்போது ‘7 மீட்டர்’ என்று காட்டினால் அது அளந்தது பனித்துகளை. உட்கார்ந்ததுமே சுற்றியுள்ள மரங்களை அளந்து மனதில் வைத்துக்கொள்வதுதான் சிறந்தது.

நாக் வெடித்தது, பிராட்ஹெட் விரியவில்லை

நாக் என்பது நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் பிளவு. குளிரில் நொறுங்கும். ஒவ்வோர் அம்பின் நாக்கையும் விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். அது விடும் நொடியில் பிளந்தால் வெறும் நாண் அடித்ததற்குச் சமம். அம்பு முனைகளைச் சூட்டில் உருக்கி ஒட்டும் பசையால் ஒட்டியிருந்தால் குளிரில் பசை விட்டுவிடும், எபாக்ஸி மேல்.

இலக்கைத் தொட்டதும் விரியும் பிராட்ஹெட்டில் (வெட்டும் அலகுகள் கொண்ட வேட்டை அம்புமுனை) ரப்பர் வளையம் விறைத்தோ, ஐஸ் பிடித்தோ அலகு விரியாமல் போகலாம். எல்குக்கு, அதுவும் குளிரில், நிலையான அலகு கொண்டதையே பயன்படுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

விரல் சொல்பேச்சுக் கேட்கவில்லை

கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றால் வில்லைத் தொடாதீர்கள், மான் பத்து மீட்டரில் நின்றாலும். எழுந்து நடந்து, கையை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். நடுக்கம் நிற்காவிட்டால் வண்டிக்குத் திரும்புங்கள். காரணம் பெரும்பாலும் காலையில் ஏறியபோது வந்த வியர்வை. ஏறும்போது ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் கட்டி, குளிரக் குளிர நடந்து, உட்காரும்முன் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளாடை கம்பளியாக இருக்கட்டும், பருத்தி வேண்டவே வேண்டாம்.

மான் விழுந்துவிட்டது, இறைச்சி கெட்டுவிட்டது

மைனஸ் 20-இல் இறைச்சி எப்படிக் கெடும் என்று கேட்பார்கள். கெடும். எல்கின் குளிர்காலத் தோலும் ரோமமும் அருமையான போர்வை; தொடை எலும்பைச் சுற்றியுள்ள சதைக்குள் சூடு மணிக்கணக்காக அடைந்துகிடந்து உள்ளேயே புளிக்கும். உடனே வயிற்றைத் திறந்து, தோலை உரித்து, தொடைகளைத் தனித்தனியே பிரித்து, எலும்போரம் கத்தியால் கீறிவிடுங்கள். மெல்லிய கம்பளி உறைக்கு மேல் ரப்பர் கையுறை போட்டால் கை நனையாது. மரத்த விரலோடு கத்தி பிடிப்பது ஆபத்து, நடுநடுவே நிறுத்திச் சூடேற்றுங்கள்.

வீடு திரும்பியதும்

வில்லை உள்ளே கொண்டுவராதீர்கள். ஹீட்டர் இல்லாத கொட்டகையிலோ பூட்டிய வண்டியிலோ பெட்டிக்குள் இருக்கட்டும். கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால் வெளியிலேயே பனியைத் தூரிகையால் தட்டி, பெட்டியை மூடி, மூடியபடியே உள்ளே வைத்து, பெட்டியே அறைச் சூட்டுக்கு வரும்வரை, அதாவது ஐந்தாறு மணி நேரம், திறக்காமல் விடுங்கள். வியர்ப்பது பெட்டியின் வெளிப்பக்கத்தில் வியர்க்கட்டும். பைனாகுலரையும் ரேஞ்ச்ஃபைண்டரையும் இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு இதே மாதிரி.

மறுநாள் விடியலில் கிளம்பும்முன் ரெஸ்டை விரலால் ஒருமுறை தூக்கி விட்டுப் பாருங்கள். ‘டக்’கென்று விழுந்தால் போகலாம்.